கேட்டால் மட்டும்

பிப்ரவரி 9

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தேன். அத்தான் எடுத்து, நீ கோர்ட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கோர்ட்டு திறந்திருக்கிறது என்று நான் விசாரிக்கவில்லை. நீ போனில் பேச மாட்டாய் என்பதும், ஏன் பேச மாட்டாய் என்பதும் தெரிந்த ஒரே ஆள் நான்தான். சொந்தக்காரர்கள் உனக்குத் தலைக்கனம் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், நமக்குத் தபால் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். வரும் இருபதாம் தேதி சபையில் எங்கள் நீதித்துறை அமைச்சரிடம் ஒரு கேள்வி. கேட்பவர் எதிர்வரிசை டீச்சர். பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு அரசியலுக்கு வந்தவர், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. உயர் நீதிமன்றத்தில் எத்தனை நீதிபதி இடங்கள் காலி, தேர்வுக் குழு எத்தனை பெயர்களை அனுப்பியது, அமைச்சகம் எத்தனையைத் திருப்பியது, ஏன்? பதினேழு, ஒன்பது, நான்கு என்று முதல் மூன்றுக்கும் பதில் எழுதிவிட்டேன். அந்த 'ஏன்'தான் தொண்டையில் சிக்கிய முள்ளாக நிற்கிறது. திரும்பிப் போன நால்வரில் நீயும் ஒருத்தி.

ஆமாம், பதில் எழுதும் மேசை என்னுடையது. பதில் அரைப் பக்கம்தான். அதற்குப் பின்னால் ஒரு மஞ்சள் தாள் போகும். உறுப்பினர்கள் மேற்கொண்டு என்னவெல்லாம் கிண்டுவார்கள் என்று நாங்களே யோசித்து, அதற்கும் பதில் எழுதி, தலைப்பில் 'கேட்டால் மட்டும்' என்று போட்டு வைப்போம். யாரும் கேட்காவிட்டால் அமைச்சர் அந்தத் தாளைத் தொடக்கூடாது. இருபத்தாறு வருஷமாக மஞ்சள் தாள்தான் எனக்குச் சோறு போடுகிறது.

நீ என் அக்கா என்று மேலதிகாரியிடம் சொல்லி நான் விலகியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வேறு யாராவது எழுதினால் என்ன எழுதித் தொலைப்பார்களோ என்று பயம். உன் கோப்பில் ஒரு மொட்டைக் கடிதம் இருக்கிறது. அதைப் பற்றி இங்கே எழுதக்கூடாது. கவலைப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி


பிப்ரவரி 13

வாண்டு,

ஐம்பத்து மூன்று வயதுக்காரனை இப்படிக் கூப்பிடக்கூடாதுதான். ஆனால் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று நீ எழுதியதைப் படித்ததும் வேறு பெயர் வாயில் வரவில்லை. அப்பாவின் சைக்கிளை அப்படித்தான் பார்த்துக்கொண்டாய். கழற்றித் துடைத்து மாட்டிய பிறகு உன் கையில் இரண்டு திருகாணி மிஞ்சியது. அப்பா அன்று மதியம் விழுந்தார்.

கோப்பை வேறு ஆளிடம் கொடு. இன்றைக்கே கொடு.

செப்டம்பர் முப்பதோடு எனக்கு அறுபது முடிகிறது. அதற்குள் உயர் நீதிமன்ற நியமன ஆணை வந்தால் இன்னும் இரண்டு வருஷம் நாற்காலியில் உட்காருவேன். வராவிட்டால் வீட்டில் உட்காருவேன். எனக்கு அதில் ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய்ச்சாட்சி. முப்பத்து மூன்று வருஷமாக ஒவ்வொரு படியாக ஏறி வந்திருக்கிறேன், கடைசிப் படியில் கால் வைக்க வேண்டும் என்று இருக்காதா? ஆனால் அது உன் கை பட்டு வர வேண்டாம்.

இந்த ஊருக்கு மாற்றி வந்த முதல் நாளே தச்சரை வரவழைத்துச் சாட்சிக் கூண்டை என் வலது பக்கத்துக்கு நகர்த்தச் சொன்னேன். இது ஏழாவது கூண்டு. நான் ராசி பார்க்கிறேன் என்று டவாலி கோர்ட்டு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். முதுகுக்குப் பின்னால் 'கூண்டம்மா' என்றுதான் பேச்சு. இருக்கட்டும். ராசிக்காரி என்ற பெயர் செவிடி என்ற பெயரைவிடப் பரவாயில்லை.

ஒன்றே ஒன்று சொல். அந்த மொட்டைக் கடிதத்தில் என் காது இருக்கிறதா? இருந்தால் எதுவும் எழுதாதே. ஒரு வெள்ளைத் தாளை மடித்து அனுப்பு, புரிந்துகொள்வேன்.

அக்கா


பிப்ரவரி 16

(உறைக்குள் ஒரு வெள்ளைத் தாள் மட்டும்.)


பிப்ரவரி 20

அக்கா,

இது உன் கைக்கு வருவதற்குள் பத்திரிகை வந்துவிடும். தெரிந்தும் எழுதுகிறேன்.

சபையில் அதிகாரிகளுக்கென்று ஓரமாக ஒரு மரத்தடுப்பு உண்டு. அதற்குள் உட்கார்ந்திருந்தேன். முதல் மூன்று பதில்களையும் அமைச்சர் நன்றாகவே படித்தார். டீச்சர் எழுந்து காரணத்தைக் கேட்டார். தனிப்பட்ட பெயர்களைச் சபையில் பேசுவது மரபில்லை என்று அமைச்சர் சொன்னார். அதோடு உட்கார்ந்திருந்தால் வழக்கமான ஒரு நாளாக முடிந்திருக்கும். டீச்சர் விடவில்லை.

"நாலு பேரத் திருப்பி அனுப்பியிருக்கீங்க. ஒருத்தருக்காவது காரணம் இருக்கா, இல்ல காரணமே கெடையாதா?"

அமைச்சருக்கு ரோஷம் வந்துவிட்டது. காரணமில்லாமல் நாங்கள் எதுவும் செய்வதில்லை என்று சொல்லிக்கொண்டே கையிலிருந்த தாள்கட்டைப் புரட்டினார். மஞ்சள் தாள் கையில் வந்தது. நான் தடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன், பக்கத்தில் இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். அமைச்சர் தலைப்பிலிருந்தே படித்தார், 'கேட்டால் மட்டும்' என்பதையும் சேர்த்து. பிறகு உன் பெயர், உன் கோர்ட்டு. "மேற்படி நீதிபதிக்குச் சிறு வயது முதல் இடது காதில் கேட்கும் திறன் இல்லை. வலது காது நன்றாக உள்ளது. இடது பக்கமிருந்து கிசுகிசுத்தால் மட்டுமே கேட்காது. இதனால் அவர் பணிக்கு இதுவரை எந்த இடையூறும் ஏற்பட்டதில்லை."

பின்வரிசையிலிருந்து ஒருவர், "அவங்களுக்குத்தான் கேக்காதாமே, அப்புறம் என்ன கேட்டால் மட்டும்?" என்றார்.

இரண்டு பக்கமும் சிரித்தார்கள். மேசையைத் தட்டிய சபாநாயகரும் சிரித்தார். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த தாளை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்த வரிகள் மஞ்சள் தாளில் எப்படி வந்தன என்று தெரியவில்லை. தட்டச்சுப் பிரிவில் யாரோ கோப்பைப் பார்த்துச் சேர்த்திருக்க வேண்டும். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி


பிப்ரவரி 25

தம்பிக்கு,

விசாரிக்க வேண்டாம். விசாரணை முடிந்துவிட்டது.

பத்திரிகையில் அந்த நான்கு வாக்கியங்களையும் அப்படியே போட்டிருக்கிறார்கள். மூன்று வாக்கியங்கள் அரசாங்கத் தமிழ். 'இடது பக்கமிருந்து கிசுகிசுத்தால் மட்டுமே கேட்காது.' எந்தத் தட்டச்சுக்காரர் ஒரு நீதிபதியின் காதில் கிசுகிசுத்துப் பார்த்தார்? இந்த உலகத்தில் என் இடது காதில் கிசுகிசுத்தவன் ஒருவன்தான். முழங்காலில் சிராய்ப்போடு பள்ளிக்கு வந்துகொண்டிருந்தான்.

சாட்சிகளை இப்படித்தான் பிடிப்பேன். பொய்யில் பிடிக்க மாட்டேன். பொய்க்கு நடுவே வாய்தவறி உண்மையாக ஒன்றைச் சொல்வார்கள், அங்கே பிடிப்பேன். என் தம்பியை அப்படிப் பிடிக்க வேண்டிவரும் என்று நினைக்கவில்லை.

இனி எழுத வேண்டாம்.


மார்ச் 3

அக்கா,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்றை மட்டும் படித்துவிடு.

நான்தான் எழுதினேன். மொட்டைக் கடிதத்தில் ஒரு வரி: 'வழக்கறிஞர்கள் சொல்வது எதுவும் இவர் காதில் விழுவதே இல்லை.' அதைப் படித்ததும் பயந்துவிட்டேன். இத்தனை வருஷம் மூடி வைத்தது எப்படியோ வெளியே போய்விட்டது, சபையில் யாராவது எழுந்து அந்த நீதிபதி செவிடாமே என்று கேட்டால் அமைச்சர் திருதிருவென்று விழிப்பார், விழித்தால் உன் கதை முடிந்தது என்று நினைத்தேன். வலது காது நன்றாக இருக்கிறது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் வாயடைத்துப் போவார்களே என்றுதான் எழுதி வைத்தேன். உனக்குச் சாதகமாகத்தான் எழுதினேன். கேட்டால் மட்டும் என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டேன்.

நேற்று மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ என் அக்கா என்பதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. உன் கோப்பை எடுத்துக் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். திரும்பிப் போன உன் பெயரைத் தேர்வுக் குழு மறுபடியும் அனுப்பியிருக்கிறது. மொட்டைக் கடிதத்தைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்று செயலாளர் பிப்ரவரி பதினெட்டாம் தேதியே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். என் மேசையைத் தாண்டி மேலே போய்விட்ட பக்கம், நான் பார்க்கவில்லை. "இந்த மாசமே ஆணை வந்திருக்கும்யா" என்றார். இப்போது அமைச்சரே சபையில் காதைப் பற்றிப் பேசிவிட்டதால், மருத்துவக் குழு பார்த்துச் சொல்லாமல் கோப்பு நகராது.

நம் சின்ன வயதில் உன் ஓவியப் பெட்டியை உடைத்தது, பரிசுப் புத்தகத்தில் மை கொட்டியது, எல்லாவற்றையும் நான் உன் இடது காதில் சொல்லியிருக்கிறேன். சொன்னதாகவும் ஆயிற்று, உனக்குத் தெரியாமலும் ஆயிற்று. அந்தப் புத்தியை நான் இன்னும் விடவில்லை போலிருக்கிறது.

தம்பி


ஏப்ரல் 18

அக்கா,

பதில் வராது என்று தெரியும். ஒரு தகவல். என்னைப் பழைய ஆவண அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னல் இல்லை, விசிறி உண்டு. இங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை.

உன் மருத்துவப் பரிசோதனை இரண்டு முறை தள்ளிப்போனதாகக் கேள்விப்பட்டேன். காது மருத்துவர் விடுப்பில் இருக்கிறாராம். இதில் என்னால் ஆனது ஒன்றும் இல்லை, நான் தொடவும் மாட்டேன்.

தம்பி


ஜூன் 2

வாண்டு,

எழுதக்கூடாது என்று வைராக்கியமாகத்தான் இருந்தேன். நேற்று நடந்ததைச் சொல்ல உன்னைத் தவிர ஆள் இல்லை, அதுவும் என் தலையெழுத்து.

வக்கீல் ஒருவர் அறைக்கு வந்தார். பதினைந்து வருஷம் அனுபவம் உள்ளவர், கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றார். மொட்டைக் கடிதம் எழுதியது அவர்தானாம்.

"அம்மா, நான் அந்த அர்த்தத்துல எழுதலைங்க. உங்க காதப் பத்தி எனக்குத் தெரியவே தெரியாது. எத்தன தடவ வாய்தா கேட்டாலும் குடுக்க மாட்டேங்கறீங்க, நாங்க சொல்றது காதுல விழுறதே இல்லைன்னு... கோவத்துல எழுதிட்டேன். எல்லாரும் பேசற பேச்சுதானுங்களே அது."

புரிகிறதா, வாண்டு? எல்லோரும் பேசுகிற பேச்சு. பேப்பரிலிருந்து தலை நிமிராத கணவனைப் பற்றியும், சொல் பேச்சுக் கேட்காத பிள்ளையைப் பற்றியும் ஊரே சொல்கிற வார்த்தை. அதை வாசித்துக் காது என்று எடுத்துக்கொள்ள இந்த நாட்டில் ஒரு ஆளால்தான் முடியும். என் ரகசியம் தெரியாத எந்த முட்டாள் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தாலும் நான் இன்று உயர் நீதிமன்றத்தில் இருப்பேன். வக்கீல் போன பிறகு சிரித்தேன். வெகுநேரம் சிரித்தேன், டவாலி பயந்து தண்ணீர் கொண்டுவந்தார்.

அவர் தண்ணீர்ச் செம்பை வலது பக்கமாக வந்து வைத்தார். இப்போதெல்லாம் எல்லோரும் அப்படித்தான் வருகிறார்கள், குரலையும் உயர்த்துகிறார்கள். நன்றாகக் கேட்கிற காதில் கத்துகிறார்கள்.

உன் அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்திரிகை வந்த அன்று அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கட்டிய புருஷனிடமே மறைத்தவள் அல்லவா நான். அவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "முப்பது வருஷமா உனக்கு வலது பக்கமாவே நடந்துட்டு வர்றேனே, எதுக்குன்னு நெனச்சே?" என்றார். போனை வலது காதில் வைத்துவிட்டால் பக்கத்தில் யார் கூப்பிட்டாலும் கேட்காது, குட்டு வெளிப்பட்டுவிடும் என்றுதானே நான் அதைத் தொடுவதில்லை. அவரே போனை எடுத்து நான் வெளியே போயிருப்பதாகச் சொல்வதும் அதனால்தானாம். அன்று நான் அழுதேன். வீட்டில் யாரிடமும் மறைக்க வேண்டியிராத ஒன்றை வாழ்நாள் முழுக்க மூட்டை கட்டிச் சுமந்திருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு, இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு தையல்காரம்மாவுக்கு, புருஷன் வீட்டில் பங்கு உண்டு என்று தீர்ப்புச் சொன்னேன். அவள் கொழுந்தன் இப்போது, நீதிபதிக்குக் காது கேட்காது, சாட்சியம் செல்லாது என்று மனுப் போட்டு, வழக்கை முதலிலிருந்து நடத்த உத்தரவு வாங்கிவிட்டான். அவள் பழைய தீர்ப்பின் நகல் வாங்க வந்தவள், மதிய இடைவேளையில் என் கோர்ட்டு வாசலில் வந்து நின்றாள். கட்சிக்காரரைத் தனியாகப் பார்க்கக்கூடாது என்பதால் எழுத்தரையும் டவாலியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே கூப்பிட்டேன்.

அவள் ஒன்றுதான் கேட்டாள். "அம்மா, அன்னிக்கு நான் சொன்னதெல்லாம் உங்களுக்குக் கேட்டுச்சுங்களா?"

வழக்கு வாரியாக நான் கைப்பட எழுதும் குறிப்பேடுகள் என் அலமாரியில் இருக்கின்றன. அவளுடையதை எடுத்து, அவள் சொன்னதை அவளுக்கே படித்துக் காட்டினேன். தையல் மெஷினை மாமியார் பிடுங்க வந்தது, இவள் அதன் மேலேயே படுத்துக்கொண்டது, அன்று மழை பெய்தது, எல்லாம். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்று கேட்டாள். பிறகு, "இவ்வளவும் கேட்டிருக்கீங்க. எனக்கு அது போதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். போதும் என்றாள். வழக்கு என்னவோ வேறு கோர்ட்டில் முதலிலிருந்து நடக்கிறது.

அவளுக்குப் படித்துக் காட்ட முடிந்தது. எல்லோருக்கும் முடியுமா? முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசிய சாட்சியிடம் இன்னொரு முறை சொல்லச் சொல்ல வெட்கப்பட்டு விட்டுவிட்ட நாட்கள் எனக்கு உண்டு. இரண்டு, அல்லது மூன்று. பெரிய வழக்குகள் இல்லை. ஆனாலும் சொன்னவனுக்கு அது அவனுடைய வழக்கு. முதல் நாளே எழுந்து, எனக்கு இந்தக் காது கேட்காது, இந்தப் பக்கம் நின்று பேசுங்கள் என்று சொல்லியிருந்தால் அந்த இரண்டு மூன்றும் நடந்திருக்காது, உன் மஞ்சள் தாளும் இருந்திருக்காது. பூட்டி வைத்தவள் நான். நீ சாவியைத் தொலைத்தாய்.

உன்மேல் கோபம் போகவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

அக்கா


செப்டம்பர் 24

அக்கா,

இன்று விடுப்பு எடுத்துக்கொண்டு, பொதுமக்கள் மாடத்தில் போய் உட்கார்ந்தேன். டீச்சர் மறுபடியும் உன்னைப் பற்றிக் கேள்வி போட்டிருந்தார். உன் பெயரைச் சொல்லவில்லை. முன்பு தன் கேள்வியால் ஒருவருக்குத் தலைகுனிவு வந்தது, அந்தக் கடன் தன்மேல் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கேட்டார்.

"இன்னும் ஆறு நாள்ல அந்தம்மா ஓய்வு பெறுறாங்க. இது அமைச்சருக்குத் தெரியுமா, தெரியாதா?"

அமைச்சர் எழுந்து, "பரிசீலனையில் உள்ளது" என்று படித்துவிட்டு உட்கார்ந்தார். கையில் ஒரே தாள். மஞ்சள் தாள் கொடுக்கும் வழக்கத்தையே நிறுத்திவிட்டார்களாம்.

பரிசீலனையில் உள்ளது என்பது பொய் இல்லை. மருத்துவக் குழுவின் அறிக்கை, 'பணிக்கு முழுத் தகுதி' என்று, திங்கட்கிழமைதான் வந்து சேர்ந்தது. அதன் மேல் ஆறு பேர் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றாம் ஆள் வெளியூரில். இருபத்தாறு வருஷம் அந்த மாடிப்படிகளில் கோப்பு ஏறுவதைப் பார்த்தவன் நான். முப்பதாம் தேதிக்குள் அது ஏறாது. உன்னிடம் வேறு மாதிரி எழுத மனசு வரவில்லை.

ஐந்தாம் தேதி உன்னைப் பார்க்க வரலாமா? வேண்டாம் என்றால் வெள்ளைத் தாள் ஒன்றை மடித்து அனுப்பு.

தம்பி


அக்டோபர் 1

வாண்டு,

வெள்ளைத் தாள் வீட்டில் தீர்ந்துவிட்டது. வா.

நீ சொன்னபடியே கோப்பு ஏறவில்லை. நேற்று மாலை நாலரை மணிவரை டவாலி வாசலில் நின்று தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்கு அவரை நானே உள்ளே கூப்பிட்டுக்கொண்டேன். எனக்கு வருத்தம் இல்லை என்று வக்கீல்களிடம் சொன்னேன். உன்னிடம் அப்படிச் சொல்ல மாட்டேன். வருத்தம் இருக்கிறது. இன்று காலையில் எழுந்ததும் கறுப்பு அங்கியைத் தேடினேன், அத்தான் அதை மடித்து மேல்தட்டில் வைத்துவிட்டிருந்தார்.

கடைசி நாள் காலையில் தச்சரை வரவழைத்தேன். வக்கீல்கள், கட்சிக்காரர்கள் எல்லோரும் இருக்கும்போதே கூண்டைப் பழைய இடத்துக்கு நகர்த்தச் சொல்லி, ஏன் நகர்த்தியிருந்தேன் என்பதையும் சொன்னேன். முப்பத்து மூன்று வருஷம் சொல்லாததைச் சொல்ல இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. மொட்டைக் கடித வக்கீல் முன்னால் வந்து தச்சருக்கு ஒரு கை கொடுத்தார். கூண்டு கனமாக இருந்தது.

பிறகு வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எடுத்து வரிசையாகப் படித்தேன், பழக்கதோஷம். பயந்தேன் என்று எழுதியிருக்கிறாய், எனக்குச் சாதகமாகத்தான் எழுதினேன் என்று எழுதியிருக்கிறாய், ஜன்னல் இல்லாத அறையைப் பற்றியும் எழுதியிருக்கிறாய். மன்னிப்பு என்ற சொல் மட்டும் ஓரிடத்திலும் இல்லை. மறந்திருக்க மாட்டாய். இடது காதில் சொல்லிவிட்டதாக வைத்துக்கொண்டாய் போலிருக்கிறது.

ஐந்தாம் தேதி வந்தால் எனக்கு வலது பக்கமாக உட்கார். உன் அத்தான் அன்று ஒரு நாள் இடத்தை விட்டுக்கொடுப்பார். நான் என்ன பதில் சொல்வேன் என்று இப்போது எழுத மாட்டேன்.

கேட்டால் மட்டும்.

அக்கா